வான்கோழி முட்டைக்கு யார் அடை: தாயா, நாட்டுக்கோழியா, மிஷினா?

காரிமங்கலம் பக்கம் எங்கள் மாந்தோப்பில் ஐந்து வான்கோழிப் பெட்டையும் ஒரு சேவலும் இருக்கின்றன. மூன்று வருடத்தில் மூன்று விதமாகவும் குஞ்சு இறக்கிப் பார்த்துவிட்டேன், இப்போது தாயையே அடையில் உட்கார வைப்பதோடு நின்றுவிட்டேன். அதனால் இதில் நடுநிலை எல்லாம் எதிர்பார்க்காதீர்கள்.

தெரிந்த விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். நாட்டுக்கோழி முட்டைக்கு 21 நாள், வான்கோழி முட்டைக்கு 28 நாள். ஒரு முட்டை 80, 85 கிராம் வரும், நாட்டுக்கோழி முட்டை இரண்டுக்குச் சமம். பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் இடும், காலையில் தேடிவிட்டுத் திட்டாதீர்கள். எந்த முறையாக இருந்தாலும் முட்டையை ஒரு வாரத்துக்கு மேல் சேர்த்து வைத்தால் கூமுட்டை கூடிக்கொண்டே போகும். நாங்கள் தேதியைப் பென்சிலில் எழுதி, கூர்முனை கீழே இருக்கும்படி ராகிப் பானையில் செருகி வைக்கிறோம்.

நாட்டுக்கோழியில் இருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் எல்லோரும் ஆரம்பிப்பது அங்கேதான். வீட்டில் எப்போதும் ஏதாவது ஒன்று அடைக்கு வந்து கேறிக்கொண்டிருக்கும், செலவு இல்லை, பழகிய வேலை. ஆனால் ஏழு, எட்டு முட்டைக்கு மேல் அதன் வயிற்றுக்கு அடங்காது, ஓரத்து முட்டை சூடு பத்தாமல் போய்விடும். 21 நாள் தாண்டியதும் எழுந்து போய்விடுமோ என்று பயந்தேன், என்னுடையவை இரண்டும் 28 நாளும் ஒழுங்காகத்தான் படுத்தன. சிக்கல் வேறு இடத்தில் வந்தது. கோழி குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு கோழிகள் கிளறுகிற குப்பைமேட்டுக்கே போனது. இரண்டாம் மாதம் குஞ்சுகள் தலையைத் தொங்கப்போட்டு, கந்தகம் மாதிரி மஞ்சளாகக் கழிய ஆரம்பித்தன. செத்த ஒன்றைக் கால்நடை மருத்துவர் அறுத்துக் காட்டினார், ஈரலில் வட்டவட்டமாகக் குழி. பிளாக்ஹெட் என்றார். கோழியின் குடலில் இருக்கும் சின்னப் புழுவின் முட்டை வழியாகப் பரவுமாம். கோழிக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது, வான்கோழியைத்தான் சாய்க்கும். ஏழில் நான்கு போயின. கோழியே இல்லாத இடத்தில் ஒரே ஒரு அடைக்கோழியை மட்டும் கூண்டுக்குள் வைத்து வளர்ப்பவர்களுக்கு இது இவ்வளவு மோசமாக இருக்காது என்று நினைக்கிறேன். என் வீட்டு வாசலில் அது நடக்கிற காரியம் இல்லை.

அப்புறம் மிஷின். ஊத்தங்கரையில் ஒரு நண்பர் இன்குபேட்டர் வைத்திருக்கிறார், அவரிடம் மூன்று முறை கொடுத்து எடுத்தேன். சொந்தமாக வைத்து ஓட்டியதில்லை, அந்த அளவுக்குத்தான் என் பேச்சுக்கு மதிப்பு. வெப்பம் 37.5 டிகிரி, ஈரப்பதம் 55, 60, கடைசி மூன்று நாளில் 70 பக்கம், 25 நாளுக்கு மேல் முட்டையைத் திருப்பக்கூடாது. இதெல்லாம் அவருக்கு மனப்பாடம். கரண்ட் போனால் இன்வெர்ட்டரும் இருக்கிறது. பொரிப்பில் நான் குறை சொல்ல மாட்டேன், 30 முட்டைக்கு 22 குஞ்சு வந்தது, தாயிடம் ஒரே தடவையில் எனக்கு அவ்வளவு குஞ்சு வந்ததே இல்லை. பெட்டையும் அடையில் நேரத்தைக் கழிக்காமல் தொடர்ந்து முட்டை இடும். வருடத்துக்கு 60 முதல் 100 முட்டைதான் இடும் என்கிறபோது அது சின்ன விஷயம் இல்லை. மாதாமாதம் குஞ்சு விற்கப் போகிறவர்கள், போச்சம்பள்ளி ஞாயிற்றுச் சந்தைக்குக் கூடை கூடையாகக் கொண்டுபோகிறவர்கள், மிஷின் இல்லாமல் முடியாது, அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அந்த 22 குஞ்சையும் அட்டைப்பெட்டியில் வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு முதல் பதினைந்து நாள் இருக்கிறதே, நான் முடிவை மாற்றியது அங்கேதான். கோழிக்குஞ்சு பிறந்த அன்றே தானாகக் கொத்தும். வான்கோழிக் குஞ்சு தீவனத்தின் மேலேயே நின்றுகொண்டு பட்டினியில் சாகும். வயிற்றில் மஞ்சள்கரு மிச்சம் இருக்கும்வரை தெம்பாகத் தெரியும், நான்காம் நாள், ஐந்தாம் நாள் வரிசையாக விழும். தண்ணீர்த் தட்டில் நீலக் கோலிக்குண்டு போட்டேன், பளபளப்பைப் பார்த்துக் கொத்தும்போது தண்ணீர் வாயில் படட்டும் என்று. பத்துக் குஞ்சுக்கு ஒரு வெந்த முட்டை, லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி பால், முருங்கைக்கீரையைப் பொடியாக நறுக்கித் தூவுவது எல்லாம் செய்தேன். ராத்திரி பதினோரு மணிக்கு பல்பு வெளிச்சத்தில் குந்தி உட்கார்ந்து, விரிச்ச பேப்பரில் பென்சில் நுனியால் டொக் டொக்கென்று தட்டிக்கொண்டிருந்தேன், தாய் கொத்துவது மாதிரி. நாலு குஞ்சு ஓடிவந்து பென்சிலையே கொத்தின, தீவனத்தை இல்லை. கட்டிலில் படுத்திருந்த ஆயா பார்த்துவிட்டு, "சாமி, தாயி உசுரோட தோப்புல திரியுது, நீ எதுக்குடா இங்க கொத்திகிட்டிருக்க?" என்றாள். 22-இல் கடைசியாக நின்றது 13.

தாய் இந்த வேலையைக் கேட்காமலே செய்கிறது. தரையைக் கொத்தி, ஒருமாதிரி கரகரத்த குரலில் கூப்பிட்டு, மூக்கில் எடுத்ததைக் கீழே போடுகிறது, குஞ்சு அதைப் பொறுக்குகிறது. இரண்டாம் நாளே கரையான் புற்றோரம் மேய ஆரம்பித்துவிடும். பல்பு வேண்டாம், குஞ்சுக்கு 35 டிகிரி சூடு என்ற கணக்கு வேண்டாம், ராத்திரி நான் எழுந்திருக்க வேண்டாம். போன முறை 12 முட்டைக்கு 9 பொரித்தது, 8 வளர்ந்தது. ஒன்று தாயின் கால் பட்டே செத்தது. நாலைந்து கிலோ கனம், குழந்தை மாதிரி கவனமாக எல்லாம் கால் வைக்காது.

சரி, அதை உட்கார வைப்பது எப்படி? அடம்பிடிக்கிற பறவை. நாம் வைக்கிற கூடையில் இடாது, புதருக்குள் ஒளித்து இடும். நான் செய்வது இது: பழைய லாரி டயர் ஒன்றை மாமரத்தடி மூலையில், மூன்று பக்கம் தென்னந்தடுக்கு சாத்தி இருட்டாக்கிப் போட்டுவிடுவேன். உள்ளே மண், அதன் மேல் ராகித்தாள், நடுவில் லேசான குழி. முட்டை உருண்டு ஓரத்துக்குப் போகாது. தென்பெண்ணை ஆற்றில் பொறுக்கிய வெள்ளைக் கூழாங்கல் மூன்றை அதில் போட்டு வைப்பேன். நல்ல முட்டையை அன்றன்றைக்கு எடுத்துவிட்டுக் கல்லை மட்டும் கூட்டிக்கொண்டே போக வேண்டும். கூடு நிறைவதைப் பார்த்தால்தான் அதற்கு அடை எண்ணம் வருகிறது. மொத்தத்தையும் எடுத்துக் காலியாக விட்டால் வேறு புதரைத் தேடிக்கொள்ளும்.

சாயங்காலம் மற்றவை மரத்தில் ஏறும்போது ஒன்று மட்டும் டயரிலேயே இருந்தால், கை நீட்டினால் பாம்பு மாதிரி சீறிக்கொண்டு வாலை விரித்தால், அது அடைக்கு வந்துவிட்டது. உடனே முட்டை வைத்துவிடாதீர்கள். இரண்டு, மூன்று ராத்திரி கல்லின் மேலேயே படுக்கட்டும், நிஜமாகவே நிற்கிறதா என்று தெரியும். அப்புறம் இருட்டியதும் கல்லை உருவிவிட்டு, பானையில் இருக்கும் 12 முட்டையையும் ஒரே நேரத்தில் அடியில் தள்ளுங்கள். நாளுக்கு ஒன்றாக வைத்தால் முதல் குஞ்சு வந்ததும் அது எழுந்துவிடும், மிச்சம் பாதியில் போகும். கூட ஒரு ஆணி, கரித்துண்டு, வரமிளகாய் என்று ஆயா வைப்பாள், இடிக்கு முட்டை கெடக்கூடாதாம். நான் எடுப்பதில்லை.

அதற்கப்புறம் வேலை குறைவு, ஆனால் இருக்கிறது. படுத்தால் எழுந்திருக்காது, தின்னாமல் கிடந்து எலும்பாகும். தினம் ஒரு முறை இரண்டு கையாலும் தூக்கி வெளியே விட வேண்டும், தின்று, தண்ணீர் குடித்து, ஒரு பெரிய கழிச்சலைப் போட்டுவிட்டுக் கால்மணியில் தானே திரும்பும். அந்த நேரத்தில் வேறு பெட்டை வந்து முட்டை இட்டுவிட்டுப் போகும், அடை முட்டையில் கரியால் கோடு போட்டிருந்தால் புதுசைக் கண்டுபிடித்து எடுத்துவிடலாம். பத்தாம் நாள் ராத்திரி டார்ச் அடித்துக் கூமுட்டையை நீக்குகிறேன். சித்திரை வெயிலில் தடுக்கின் மேல் ஈரச்சாக்கு. பேனுக்குத் தாளின் அடியில் சாம்பலும் வசம்புப் பொடியும்.

முதல் வருடப் பெட்டை எனக்கு இரண்டு முறை பாதியில் எழுந்துவிட்டது, இரண்டாம் வருடத்தில் அதுவே கல்லாக உட்கார்ந்தது. என்னுடையவை எல்லாம் கறுப்பும் செம்புமான ஊர் வான்கோழி. பண்ணை வெள்ளை ரகத்தில் அடைக் குணத்தைக் குறைத்தே வளர்த்திருக்கிறார்கள், அது இருப்பவர்கள் என் கூழாங்கல்லை நம்பி மிஷினை விற்றுவிட வேண்டாம்.

இரண்டையும் சேர்த்தும் செய்யலாம். நண்பருடைய மிஷினில் அதே நாள் பொரிக்கிற மாதிரி முட்டை வைத்து, ஆறு குஞ்சை ராத்திரியோடு ராத்திரியாகத் தாயின் அடியில் விட்டேன், விடிந்ததும் தன் குஞ்சோடு சேர்த்து ஓட்டிக்கொண்டு போனது. ஒரு முறைதான் செய்திருக்கிறேன்.

இப்போது டயரில் ஒன்று 19-ஆம் நாளில் இருக்கிறது. இன்று காலை தூக்கும்போது முழங்கையில் கொத்தி ரத்தம் வந்துவிட்டது, மஞ்சள் வைத்துக்கொண்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.