சிரிக்கும் முகமா, சிரிக்காத முகமா: குழந்தையின் வலியை எந்த அட்டையில் அளப்பது?

குழந்தைகள் அறுவை சிகிச்சை வார்டுக்கு வலி அளக்கும் அட்டையைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, முன்னால் இருந்தவை மூன்று: பிள்ளையே ஒரு முகத்தைத் தொட்டு வலியைக் காட்டும் வாங்–பேக்கர் முகங்கள், அதே வகையான திருத்தப்பட்ட முக வலி அளவுகோல், பிள்ளையைப் பார்த்து நாமே மதிப்பெண் போடும் ஃபிளாக் (FLACC). நான்கு வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கு இரண்டாவதை எடுத்தேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் எடுப்பேன்.

ஃபிளாக்கை முதலில் சொல்லிவிடுகிறேன், அதற்குப் போட்டியே இல்லாத இடம் ஒன்று உண்டு. பேசத் தெரியாத குழந்தையிடம் எந்த அட்டையை நீட்டுவது? 1997இல் வெளியான இந்த முறையில் முகம், கால்கள், உடல் அசைவு, அழுகை, தேற்றினால் தேறுகிறதா என்ற ஐந்தையும் நாம் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் போட வேண்டும். இரண்டு மாதக் குழந்தையிலிருந்து ஏழு வயது வரை பயன்படுகிறது. ஆனால் ஊசித் தட்டைக் கண்டு அலறும் குழந்தைக்கும் தையல் வலியில் அலறும் குழந்தைக்கும் இதில் ஒரே மதிப்பெண் விழக்கூடும். அசைந்தால் வலிக்குமென்று மூச்சைக்கூட அடக்கிப் படுத்திருக்கும் பிள்ளைக்கோ குறைவாக விழும். சொல்லத் தெரிந்த பிள்ளையைக் கேட்காமல் பார்த்தே எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

எனவே உண்மையான போட்டி இரண்டு முக அட்டைகளுக்கு இடையில்தான். இரண்டிலும் ஆறு முகங்கள். இரண்டிலும் மதிப்பெண் 0, 2, 4 என்று 10 வரை ஏறும். வாங்–பேக்கர் 1983இல் உருவானது. மூன்று வயதிலிருந்தே காட்டலாம் என்பார்கள். பிள்ளைகளுக்கும் செவிலியர்களுக்கும் அதுதான் அதிகம் பிடிக்கிறது, அதை மறுக்க மாட்டேன். மற்றது 2001இல் வந்தது, கோடுகளால் வரைந்த வெறும் முகங்கள், பார்க்க அழகில்லை.

எனக்கு முடிவைத் தந்தது ஒரே விஷயம். வாங்–பேக்கரின் முதல் முகம் சிரிக்கிறது, கடைசி முகம் கண்ணீர் விடுகிறது. மற்றதில் சிரிப்பும் இல்லை, கண்ணீரும் இல்லை. வலியில்லாத முகம் சலனமற்று இருக்கிறது, அவ்வளவுதான்.

சின்ன வேறுபாடு என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். குடல்வால் அறுவை முடிந்த ஐந்து வயதுப் பையன் ஒருவன், அம்மா அறைக்குள் வந்த நிமிடத்தில் சிரிக்கும் முகத்தைத் தொட்டான். 0 என்று எழுதினேன். இருமச் சொன்னபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு மாட்டேன் என்று தலையசைத்தான். அவன் பொய் சொல்லவில்லை. அம்மா வந்துவிட்ட மகிழ்ச்சியைச் சொன்னான். நான்தான் தவறான கேள்வியைக் கேட்டிருந்தேன். இன்னொரு சிறுமிக்குக் காயம் ஏறக்குறைய ஆறியிருந்தது. அப்பா வீட்டுக்குப் போய்விட்டார் என்று கண்ணீர் முகத்தைக் காட்டினாள். எலும்பு முறிந்த ஏழு வயதுப் பையன் கடைசி முகத்தைத் தொட மறுத்தான்: “நான் அழவில்லையே!” அழாவிட்டாலும் அந்த முகத்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்று வாங்–பேக்கர் குறிப்பே சொல்கிறது. அப்படியொரு விளக்கம் தேவைப்படுகிறது என்பதே எனக்குப் போதுமான காரணம்.

சிரிப்பில் தொடங்கும் அட்டையில் பிள்ளைகள் வலியைச் சற்றுக் கூட்டியே காட்டுவதாக ஆய்வுகளும் சொல்கின்றன. வலி இல்லாவிட்டாலும் மருத்துவமனைக் கட்டிலில் சிரிக்கத் தோன்றாத பிள்ளை, இரண்டாவது முகத்துக்கு நகர்ந்துவிடுகிறது. மருந்தின் அளவு அந்த எண்ணைப் பார்த்து மாறும் இடத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

சிரிக்காத அட்டையைக் காட்டும்போது ‘சந்தோஷம்’, ‘வருத்தம்’ என்ற சொற்களை வாயில் எடுக்கக் கூடாது. “இந்த முகத்துக்கு வலியே இல்லை, இதற்கு மிக மிக வலிக்கிறது, உனக்கு இப்போது எவ்வளவு வலிக்கிறது என்பதைக் காட்டு” என்று மட்டும் கேட்க வேண்டும். வலி என்பதற்கு வீட்டில் பிள்ளை வேறு சொல் சொன்னால் அதையே சொல்லலாம். எண்கள் பிள்ளையின் கண்ணில் படக் கூடாது. எண் தெரிந்தால் சிலர் மதிப்பெண் வாங்குவதுபோலப் பெரியதைத் தொடுகிறார்கள்.

குறையும் உண்டு. நான்கு வயதை ஒட்டியவர்கள் நடு முகங்களை விட்டுவிட்டு இரண்டு ஓரங்களில் ஒன்றையே தொடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அவர்களிடம் முதலில் “வலிக்கிறதா, இல்லையா?” என்று கேட்டு, பிறகு “கொஞ்சமா, நிறையவா?” என்று கேட்பதோடு நிறுத்திக்கொண்டு, ஃபிளாக்கையும் சேர்த்துப் பார்க்கிறேன். எட்டு வயதானவர்களிடம் நேராக 0 முதல் 10 வரை எண்ணாகவே கேட்டுவிடலாம்.

அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளைப் பற்றி உறுதியாகப் பேச எனக்கு அனுபவம் போதாது. அவர்களுக்கென்று திருத்திய ஃபிளாக் இருக்கிறது. வலி வந்தால் தங்கள் பிள்ளை என்ன செய்யும் என்று பெற்றோர் சொல்வதை அதில் சேர்த்துக்கொள்ளலாம். நான் அதைப் பயன்படுத்தியது மிகச் சிலரிடம்தான். அவர்களில் ஒரு சிறுவனின் அம்மா, “வலித்தால் இவன் பாடுவதை நிறுத்திவிடுவான்” என்று சொன்னார். அதை அப்படியே அவன் படிவத்தில் எழுதி வைத்தேன்.