தலைக்கு மேல் நான்கு பலகை: வீட்டு ஸ்டுடியோவில் நாலு வருஷம்

சத்தத்தை உறிஞ்சும் நாலு பலகைகளை வீட்டு ஸ்டுடியோவின் சீலிங்கில் 2021 ஜூனில் மாட்டினேன், நாலு வருஷம் தாண்டிவிட்டது. புதிதில் யார் கேட்டாலும் சத்தத்தைப் பற்றித்தான் பேசுவேன். இப்போது கேட்டால் ஃபேன், பல்லி, ஒழுகல் என்றுதான் பேச்சு ஆரம்பிக்கிறது.

அறை தாம்பரம் பக்கம், மாடியில். மேலே மொட்டை மாடி. 12 அடிக்கு 10 அடி, உயரம் ஒன்பதரை. கீழே டைல்ஸ், மேலே கான்கிரீட். கை தட்டினால் ‘ட்ரிங்’ என்று வால் நீளும். ஒலிப்புத்தகம் வாசிப்பது என் வேலை, மனைவிக்கு வயலின். சுவர்களில் ஏற்கெனவே பலகை அடித்திருந்தும் என் குரலில் தகர டப்பா சாயல் போகவில்லை. வாயிலிருந்து கிளம்பும் சத்தம் சீலிங்கில் பட்டு மைக்குக்குத் திரும்பப் பத்து மில்லி செகண்ட் போல ஆகும். அது எதிரொலியாகக் காதில் விழாது. நேரே வரும் குரலோடு கலந்து அதன் சதையைத் தின்றுவிடும்.

செய்தது ரொம்ப எளிது. ரீப்பர் கட்டையில் 4 அடிக்கு 2 அடி சட்டம், உள்ளே 50 மி.மீ. ராக்வுல் (கல்லை உருக்கி இழைத்த பஞ்சு) இரண்டு அடுக்கு, மேலே காடா துணி. ராக்வுல் கனமீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி. துணி வாங்கும்போது கடையிலேயே வாயில் வைத்து ஊதிப் பார்த்தேன். காற்று தாராளமாக அந்தப் பக்கம் போனால் சத்தமும் போகும். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், பரவாயில்லை. அரைக்கைச் சட்டையோடு ராக்வுல் வெட்டியதற்கு மட்டும் இரண்டு நாள் அரிப்பு. நாலு பலகைக்கும் கொக்கி, கம்பி சேர்த்து 6,000 ரூபாய்க்குள் முடிந்தது.

பயம் எல்லாம் மாட்டுவதில்தான். ஒவ்வொன்றும் எட்டு கிலோ, அதுவும் உட்காரும் இடத்துக்கு நேர் மேலே. பிளாஸ்டிக் பிளக்கை சீலிங்கில் நம்பக் கூடாது, பாரம் நேராகக் கீழே இழுக்கும். உள்ளே போய் விரியும் இரும்பு ஆங்கர் போல்ட்தான் போட்டேன், பலகைக்கு நாலு. தளத்துக்குள் ஃபேன் ஒயர் போகும் பைப் எந்தப் பக்கம் என்று வீட்டுக்கு ஒயரிங் செய்தவரிடமே கேட்டுக்கொண்டு, மெயினை அணைத்துவிட்டு, பக்கத்து வீட்டிலிருந்து மின்சாரம் இழுத்துத் துளை போட்டோம். இரண்டாவது துளையிலேயே முறுக்குக் கம்பி தட்டியது. ஓர் அங்குலம் தள்ளிப் போட்டதில் சரியானது.

சீலிங்கோடு ஒட்டாமல் நாலு அங்குலம் கீழே தொங்கவிட்டதுதான் நான் செய்த புத்திசாலித்தனம். அந்த இடைவெளியால் அதே ராக்வுல் இன்னும் கொஞ்சம் தாழ்ந்த சத்தங்களையும் பிடிக்கிறது. இரண்டு பலகை என் மேஜைக்கு மேல், மற்ற இரண்டும் மனைவி வயலினோடு உட்காரும் ஜமக்காளத்துக்கு மேல். தரையில் உட்கார்ந்து வாசிப்பவருக்கு மேஜை மேல் தொங்கும் பலகையால் பெரிய பிரயோஜனம் இல்லை.

பலன் முதல் நாளே தெரிந்தது. ‘ட்ரிங்’ போயே போய்விட்டது, குரல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. ஆனால் அறையின் ஒலியை அளக்கும் ரூம் ஈக்யூ விசார்ட் மென்பொருளை வைத்து அளந்தபோது, தரைக்கும் சீலிங்குக்கும் நடுவே 60 ஹெர்ட்ஸ் பக்கம் நிற்கும் முழக்கம் அசையவே இல்லை. நாலு அங்குல ராக்வுல் அதற்கு எம்மாத்திரம்! வெளிச் சத்தமும் அப்படித்தான். விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பும் விமானம் முன்பு எப்படிக் கேட்டதோ அப்படியேதான் கேட்கிறது. சத்தம் வெளியே போகாமல் இருக்க இதைச் செய்யப்போகிறேன் என்று கேட்பவர்களிடம் வேண்டாம் என்றே சொல்கிறேன்.

இனி புகார்கள். ஒரு பலகையின் ஓரம் ஃபேன் றெக்கைக்கு ரொம்பக் கிட்டத்தில் அமைந்துவிட்டது. ஃபேன் ஓடும்போது அது தொட்டில் மாதிரி ஆடும். ரெக்கார்டிங்கில் ஃபேன் ஓடாது என்றாலும், எடிட் செய்யும்போது தலைக்கு மேல் எட்டு கிலோ ஆடினால் வேலை ஓடுமா? கம்பிகளை நேராக விடாமல் வெளிப்பக்கம் சாய்த்துக் கட்டியதும் ஆட்டம் நின்றது. அப்புறம், தம்பூரா பெட்டியைப் போட்டால் ஒரு கொக்கி மட்டும் கூடவே ‘கிணிகிணி’ என்றது. சைக்கிள் டியூப் துண்டு செருகினேன், அடங்கிவிட்டது.

துணியை மிச்சம் பிடிக்க இரண்டு பலகைகளின் மேல்பக்கத்தை மூடாமல் விட்டது சுத்த முட்டாள்தனம். ஒரே வருஷத்தில் தூசு படிந்ததோடு ஒரு பல்லியும் குடியேறியது. வாசிப்பின் நடுவே அது சத்தம் கொடுத்தால் நல்ல சகுனம் என்பாள் அம்மா. எனக்கு டேக் போனதுதான் மிச்சம். இறக்கித் துணி அடிக்க ஒரு ஞாயிறு முழுக்கப் போனது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். மொட்டை மாடித் தண்ணீர் தளம் வழியாக இறங்கியிருக்கிறது. நாலாவது பலகையின் அடியில் தேநீர் நிறத்தில் வட்டம் பார்த்துத்தான் தெரிந்தது. இறக்கும்போதே கனம் கையில் தெரிந்தது. ஒரு வாரம் வெயிலில் போட்டேன். ராக்வுல் தேறிவிட்டது, சட்டத்தின் மூலையில்தான் பூஞ்சை. கட்டையை மாற்றி மாட்டினால், அடுத்த வருஷம் ஃபெஞ்சல் புயலில் மறுபடி அதே இடம்.

இப்போது அந்தப் பலகை பரண் மேல் இருக்கிறது. தளத்துக்குப் பூச்சு வேலை பார்க்க வேண்டிய கொத்தனார் ஆடி முடியட்டும் என்றிருக்கிறார். அதுவரை வயலின் பக்கம் ஒரே பலகைதான். மனைவி ஜமக்காளத்தை ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.