குடிலா, மரமா: எது மூத்தது?

கிறிஸ்துமஸ் என்றதும் குடிலும் மரமும் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன. ஆனால் இரண்டும் வந்த வழி வேறு.

குடிலுக்குத் தெளிவான ஒரு தொடக்கக் கதை உண்டு. 1223இல் இத்தாலியின் கிரெச்சோவில் அசிசி நகரப் புனித பிரான்சிஸ், தீவனத் தொட்டியில் வைக்கோல் பரப்பி, பக்கத்தில் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தச் செய்தார். இயேசு எவ்வளவு எளிய இடத்தில் பிறந்தார் என்பதை மக்கள் கண்ணால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. எனக்கு இதை நினைத்தாலே நெகிழ்ச்சியாக இருக்கும்.

மரத்துக்கு அப்படி ஓர் ஆளைக் காட்ட முடியாது. ஜெர்மன் மொழிப் பகுதிகளில் மெல்ல வளர்ந்த வழக்கம் அது. ஸ்ட்ராஸ்பர்க் வீடுகளில் ஃபிர் என்ற ஊசியிலை மரம் நிறுத்தி, காகித ரோஜாவும் ஆப்பிளும் தொங்கவிட்டதை 1605ஆம் ஆண்டுக் குறிப்பு ஒன்று சொல்கிறது. புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூதர்தான் முதலில் மரத்தில் மெழுகுவர்த்தி ஏற்றினார் என்பார்கள். அதற்கு அவர் காலத்துச் சான்று இல்லை. 1848இல் விக்டோரியா அரசியின் குடும்பம் மரத்தைச் சுற்றி நிற்கும் படம் லண்டன் பத்திரிகையில் வந்த பிறகு வேகமாகப் பரவியது. அப்புறம் 1882இல் நியூயார்க்கில் எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன் மரத்தில் மின்விளக்கு மாட்டினார்.

அழகுக்கு மரம் சரி. பிறப்பின் கதையைச் சொல்லக் குடிலுக்கு ஈடில்லை. வத்திக்கானின் புனித பேதுரு சதுக்கத்தில் 1982 முதல் இரண்டையும் வைக்கிறார்கள்.