பக்கச்சில்லா, றோலரா? பழைய தள்ளு புல்வெட்டி திருத்த நினைப்பவர்களுக்கு

பழைய புல்வெட்டி திருத்துவதுதான் பொழுதுபோக்கு என்று வன்னியில் சொன்னால் சனம் முதலில் சிரிக்கும். புல்லுக்கு மாடு இருக்கிறது, மாடு இல்லாத வளவில் ஆடு இருக்கிறது, இரண்டும் இல்லாவிட்டால் மண்வெட்டியால் செருக்கிக் கூட்டிவிட்டால் முற்றம் பளிச்சென்று கிடக்கும், இதற்குள் மெசின் எதற்கு? நியாயமான கேள்விதான். ஆனாலும் வெள்ளைக்காரன் காலத்து வளவுகளில் ஓடித் தேய்ந்த தள்ளு புல்வெட்டிகள் இப்போதும் எங்காவது ஒரு கொட்டிலிலிருந்தோ பழைய இரும்புக் கடையிலிருந்தோ வெளியே வந்துகொண்டுதான் இருக்கின்றன. கண்டால் விட மனம் வருவதில்லை. றோலர், பக்கச்சில்லு என்ற இரண்டு ரகத்தையும் அவிழ்த்துப் பூட்டிப் பார்த்துவிட்டு, இனிமேல் பக்கச்சில்லு ரகம்தான் என்று முடிவெடுத்திருக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

நான் சொல்வது மோட்டார் இல்லாத மெசின்கள். முறுக்கிய கத்திகள் பூட்டிய றீல் ஒன்று சுழலும், அதன் கீழே அசையாத அடிக்கத்தி ஒன்று இருக்கும், இடையில் அகப்படுகிற புல் கத்தரிபடும். துணியில் மேலெழுந்து நிற்கும் நூலைச் சீவுகிற ஆலை மெசினைப் பார்த்து, எட்வின் பட்டிங் என்பவர் 1830இல் இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் பக்கத்தில் இதற்குக் காப்புரிமை எடுத்தார். அவருடைய மெசின் றோலரில் ஓடியது. றோலர் தரையில் உருள, அதன் சுழற்சி பற்சில்லு வழியாக றீலுக்குப் போகும். பிந்திய மெசின்கள் சிலவற்றில் பற்சில்லுக்குப் பதில் சங்கிலி. பக்கச்சில்லு ரகம் பிறகு வந்தது. அதில் இரண்டு பக்கமும் பெரிய இரும்புச் சில்லுகள், சில்லின் உட்புறத்தில் பற்கள், அந்தப் பற்கள் றீல் அச்சின் நுனியில் இருக்கிற பினியன் என்ற சின்னப் பற்சில்லை நேரே சுழற்றும். அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் திருத்துகிறவனுக்கு இரண்டும் இரண்டு உலகம்.

வெட்டு அழகைப் பற்றிக் கேட்டால் றோலர்தான். கோடு கோடாகப் புல் படிந்து கிடப்பது அதில்தான் வரும், பாத்தி ஓரத்தையும் தாண்டி வெட்டும். பக்கச்சில்லில் சில்லு ஓடுகிற அகலத்துக்கு ஓரத்தில் புல் நிற்கும், பிறகு சத்தகத்தோடு குந்தியிருக்க வேண்டும். பாரம் குறைவு, கொஞ்சம் உயர்ந்த புல்லிலும் முட்டித் தள்ளலாம் என்பது பக்கச்சில்லின் பக்கம். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே.

முடிவைத் தீர்மானிப்பது வேறொன்று. உடைந்தால், தேய்ந்தால், தொலைந்தால், அந்தச் சாமானை மாங்குளத்திலோ புதுக்குடியிருப்பிலோ இருந்துகொண்டு எங்கே எடுப்பது? இந்த மெசின்களைச் செய்த பழைய கொம்பனிகளில் குவால்காஸ்ட் என்றால் இங்கிலாந்தின் டார்பி, ரான்சம்ஸ் என்றால் அங்கேயே இப்ஸ்விச், ஷாங்க்ஸ் என்றால் ஸ்கொட்லாந்தின் ஆர்புறோத். அங்கேயே தேடிப் பொறுக்க வேண்டிய சாமானை நாங்கள் எங்கே போய்ப் பொறுக்குவது. ஆனால் வன்னியில் எந்தச் சந்தியிலும் ஒரு சைக்கிள் கடை இருக்கும். பக்கச்சில்லு மெசினுக்கு அது போதும் என்பதுதான் என் முழு வாதமும்.

என்னிடம் உள்ள பக்கச்சில்லு குவால்காஸ்டில் றீல் சுழல்வது சைக்கிளின் அச்சு மாதிரியே கப் என்ற கிண்ணம், அதை மூடி இறுக்குகிற கோன் என்ற கூம்பு, நடுவில் தனித்தனி உருக்குக் குண்டுகளில். அவிழ்த்தபோது பாதிக் குண்டுகள் நசிந்து, கிறீஸ் கல்லாகிக் கிடந்தது. கப்பைத் துடைத்து எடுத்துக்கொண்டு சைக்கிள் கடைக்குப் போனேன்.

“ஐயா, இதுக்குப் போடுற போல்ஸ் இருக்கோ?”

“எந்தச் சைக்கிளுக்குத் தம்பி?”

“சைக்கிள் இல்லை ஐயா, புல்வெட்டி.”

அவர் கப்புக்குள் விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். “இது கால் அங்குலம், பின் அச்சுக்குப் போடுறது. எத்தினை வேணும்?”

புல்வெட்டி எதற்கு என்று அவர் கேட்கவே இல்லை, அதுவே எனக்குப் பெரிய விசயம். கிறீஸும் அங்கேயே கிடைத்தது. கோனை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதும் சைக்கிளில் கை பழகியவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆட்டம் இருக்கக் கூடாது, ஆனால் விரலால் தட்டினால் றீல் தானாக ஓட வேண்டும்.

றோலர் ரகத்தில் நான் அவிழ்த்தவற்றில் றோலர் அச்சு பித்தளைப் புஷ்ஷுக்குள், அதாவது அச்சைத் தாங்கும் சின்னக் குழாய்க்குள், ஓடியது. புஷ் தேய்ந்தால் லேத் பட்டறைக்குப் போகத்தான் வேண்டும், அவர்கள் உழவு மெசின் வேலைகளை முடித்துவிட்டு உங்கள் புஷ்ஷை எடுக்கக் காலம் போகும். அதைவிட மோசம் முன்னால் இருக்கிற சின்ன மர றோலர். எங்கள் கறையானுக்கு டார்பி மரமும் ஒன்றுதான், எங்கள் ஊர் மரமும் ஒன்றுதான். மெசினைத் தூக்கினால் அச்சுக் கம்பி மட்டும் கையில் வரும், றோலர் மண்ணாக உதிரும். தச்சரிடம் முதிரைத் துண்டில் கடைந்து எடுக்கலாம், நன்றாகவும் வரும், ஆனால் மரவிலையும் கடைசல் கூலியும் சேர்ந்தால் மெசின் வாங்கிய காசை விடக் கூடும். மாரியில் இன்னொரு தொல்லை. கார்த்திகை, மார்கழியில்தான் எங்களுக்குப் புல்லே இருக்கிறது, அந்த நேரம் பார்த்து ஈரக் களி பின் றோலரில் திரணை திரணையாக ஒட்டும், கொஞ்சத் தூரத்தில் வெட்டு உயரமே மாறிவிடும், குச்சியால் சுரண்டிச் சுரண்டித்தான் போக வேண்டும். சில்லிலும் ஒட்டும்தான், ஆனால் தட்டினால் விழுந்துவிடும்.

அடுத்தது கூர் போடுவது. கராஜில் வால்வு அரைக்கிற பேஸ்ட் வாங்கி றீல் கத்தியின் விளிம்பில் பூசி, றீலைப் பின்பக்கமாகச் சுழற்ற வேண்டும். அடிக்கத்தியோடு தேய்ந்து இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தி வரும். முதலில் பரும்படி, பிறகு நைஸ். றோலர் ரகத்தில் இதற்குச் சங்கிலியையோ பற்சில்லையோ கழற்றிவிட்டு அச்சு நுனியில் கைபிடி ஒன்று செய்து பூட்டிச் சுற்ற வேண்டும். பக்கச்சில்லில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பினியனுக்குள் தட்டையான ஒரு சின்ன உருக்குத் துண்டு அச்சில் வெட்டியிருக்கிற நீள்துளையில் வழுக்கிக்கொண்டு கிடக்கும், முன்னுக்குத் தள்ளும்போது பிடிக்கும், பின்னுக்கு இழுக்கும்போது டிக் டிக்கென்று விட்டுக்கொடுக்கும். இடது பினியனையும் வலது பினியனையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் போட்டால் இது தலைகீழாகும்: முன்னுக்குத் தள்ளினால் றீல் நிற்கும், பின்னுக்கு இழுத்தால் றீல் பின்பக்கமாகச் சுழலும். அப்புறமென்ன, பேஸ்டைப் பூசிவிட்டு மெசினைத் திண்ணையில் பின்னுக்கு இழுத்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான், வீட்டுக்காரர் என்ன நினைத்தாலும் சரி. முடிந்ததும் மண்ணெண்ணெயில் நன்றாகக் கழுவி, பினியன்களைப் பழையபடி மாற்றிப் போட வேண்டும். பேஸ்ட் குண்டுகளுக்குள் போனால் அந்தக் கப் அதோடு சரி.

கூர் வந்துவிட்டதா என்று பார்க்கப் பழைய உதயன் பேப்பரை நாடாவாகக் கிழித்து றீலுக்கும் அடிக்கத்திக்கும் இடையில் பிடித்துக் கையால் மெல்லச் சுழற்றுங்கள். ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை எந்த இடத்திலும் பேப்பர் மடியாமல் வெட்டுப்பட வேண்டும். மடிகிற இடத்தில் அடிக்கத்தியின் திருகாணியை அரைக்கால் சுற்றுத் திருப்புங்கள்.

துரு எடுப்பதில் இரண்டு ரகத்துக்கும் வித்தியாசமில்லை. வினாகிரியில் ஊறப் போட்டு, வாசிங் சோடாத் தண்ணீரில் அலசி, உடனே காயவைத்து எண்ணெய் பூசுவேன். பழப்புளியும் வேலை செய்யும், நேரம் எடுக்கும். பழைய பெயின்றில் ஈயம் இருக்கலாம், அதனால் காய்ந்தபடி தேய்த்துத் தூசி கிளப்பாமல் ஈரத்தில் தேயுங்கள், சின்னப் பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள். வார்ப்பிரும்பு பக்கச்சட்டம் வெடித்திருந்தால் எந்த ரகமானாலும் வாங்காதீர்கள், சாதாரண வெல்டிங் அதில் நிற்காது, பித்தளைப் பற்று வைக்கத் தெரிந்தவர் கிடைக்க வேண்டும்.

எங்கள் பக்கத்து மண்ணுக்காக ஒரு வார்த்தை. வெட்டமுதல் நிலத்தை நடந்து பாருங்கள். சண்டை நடந்த இடங்களில் மண்ணுக்குள் இன்னும் இரும்பு கிடக்கிறது, ஒரு சின்னத் துண்டு போதும் றீலில் பல் விழ. என்னவென்று தெரியாத சாமான் கிடந்தால் கை வைக்காமல் அறிவித்துவிட்டு விலகி நில்லுங்கள். புல்லைப் பொறுத்தவரை அறுகுக்கு இந்த மெசின்கள் அருமை, தாழ்வாகவும் வெட்டலாம். கோரை ஓங்கிவிட்ட இடத்தில் இரண்டு ரகமும் தோற்கும், மேலால் மிதித்துப் படுக்கவைத்துவிட்டுப் போய்விடும்.

மோட்டார் பூட்டிய றீல் மெசின்கள், 1921இலிருந்து வந்த அட்கோ போன்றவை, தனி ஆசை. அவற்றில் என் அனுபவம் குறைவு, மாக்னெட்டோவும் காபரேட்டரும் பார்க்கத் தெரிந்தவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். திருப்பி விற்பது பற்றியும் பெரிதாக வாக்குக் கொடுக்க மாட்டேன். வெளிநாட்டிலிருந்து வந்து வீடு கட்டுகிறவர்கள் வாசலில் அழகுக்கு வைக்கக் கேட்பார்கள், அவர்களுக்கு றோலர் ரகம்தான் கண்ணுக்குப் பிடிக்கும். விற்கத்தான் திருத்துகிறீர்கள் என்றால் என் பேச்சைக் கேட்காமல் அதையே எடுங்கள்.

பக்கச்சில்லு வாங்கப் போகிறவர்கள் விலை பேசமுதல் ஒரு சில்லைக் கழற்றிப் பினியனுக்குள் அந்த உருக்குத் துண்டு இருக்கிறதா என்று பாருங்கள். பினியனை இழுக்கும்போது கீழே ஒரு துணி விரியுங்கள், மணலுக்குள் விழுந்தால் எடுக்க முடியாது. இல்லாவிட்டாலும் பரவாயில்லை, உருக்குத் துண்டொன்றை அரத்தால் அராவிச் செய்துவிடலாம், ஆனால் அதைக் கடைக்காரருக்குச் சொல்லாமல் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.