கிரவுண்டுக்குப் புல் பிடிக்க வைக்க: முழுதாக மூடுவதா, பாதி பாதியாகவா?

மார்கழி மழை விடும்போதே மட்டக்களப்புப் பக்கம் விளையாட்டுக் கழகக் கூட்டங்களில் இந்தப் பேச்சு தொடங்கிவிடும். ஒரு கட்சி கிரவுண்டை முழுதாக மூடச் சொல்லும். மற்றக் கட்சி பாதியில் புல்லை நட்டு மீதியில் விளையாடுவோம் என்று சொல்லும், அதற்கு உதாரணமாக கோல்ஃபை இழுக்கும். 18 குழி மைதானத்தைத் திருத்தும்போது 9 குழியை மூடிவிட்டு மற்ற 9-ஐத் திறந்தே வைத்திருப்பார்கள், ஆட்டமும் நிற்காது, சந்தாவும் நிற்காது. உண்மைதான், ஆனால் 9 குழி என்பதே அங்கே ஒரு முறையான ஆட்டம். அரை ஃபுட்போல் கிரவுண்டில் என்ன ஆடுவது? முதலாம் தவணையில் பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டிக்கு ஓட்டப் பாதை கீற வேண்டும், அதற்கும் பாதி காணாது. கயிறு கட்டிப் பலகை வைத்தாலும் பந்து அந்தப் பக்கம் போகும், பந்துக்குப் பின்னால் பொடியன்களும் போவார்கள்.

பாதி பாதி ஆட்களிடம் நல்ல நியாயம் ஒன்று இருக்கிறது, அதை அவர்களே சரியாகச் சொல்வதில்லை: தண்ணீர். 105 மீட்டருக்கு 68 மீட்டர் என்றால் 7140 சதுர மீட்டர். ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் விட்டாலே 35,700 லீட்டர், 5000 லீட்டர் பவுசரில் ஏழு லோட். கடற்கரைப் பக்கத்து மணல் கிணற்றில் மோட்டரைப் போட்டு இவ்வளவையும் தினமும் இறைத்தால் உப்பு ஏறிவிடும். பாதி என்றால் இந்தக் கணக்கும் பாதி.

ஆனாலும் நான் முழுதாக மூடச் சொல்கிற கட்சி. காரணம் நாட்காட்டி. நமக்குப் புல் நடத் தோதான காலம் ஒன்றுதான், தை கடைசி. அதற்கு முன் நட்டால் வெள்ளம் மணலோடு அள்ளிப் போகும். தை கடைசியில் நிலத்தில் ஈரம் இருக்கிறது, வெயிலும் வந்துவிட்டது, முதல் சில வாரம் பவுசர் செலவு பெரிதாக இல்லை, கச்சான் என்கிற வறண்ட தென்மேல் காற்று எழும்ப முன் வேரும் இறங்கிவிடும். பாதி நட்டால் அது மூடி வர பத்துப் பன்னிரண்டு வாரம் போகும், சித்திரை வந்துவிடும், மறுபாதியைக் கச்சானுக்குள் நட முடியாது, அடுத்த தை வரை கிடப்பில்தான். ஆக ஒரு வருடத்து வேலைக்கு இரண்டு வருடம். சேனாநாயக்க சமுத்திரம் என்கிற பெரிய குளத்து வாய்க்கால் தண்ணீர் எட்டுகிற அம்பாறைப் பக்கத்து ஊர் என்றால் சரி, பாதி பாதியாகவே செய்யுங்கள், வைகாசியிலும் நடலாம்.

எந்தப் புல் என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. கடையில் சதுர அடிக் கணக்கில் விற்கும் மலேசியன் புல் நிழலுக்கு அழகு, பூட்ஸ் மிதிக்கு நிற்காது. வெப்ப நாட்டு கோல்ஃப் மைதானங்களில் பெயர்போன டிஃப்வே 419 என்பது நம்முடைய அறுகுக்கும் ஆபிரிக்க அறுகு ஒன்றுக்கும் பிறந்த கலப்பினம், விதை வைக்காது, அதையும் தண்டாகத்தான் நடுகிறார்கள். நமக்கு வயல் வரம்பிலும் தோட்டத்திலும் கிடைக்கிற ஊர் அறுகே போதும். விரல் நீளத் துண்டுகளாக வெட்டி, மாட்டெரு கலந்த மண்ணில் கணு புதைய, நுனி வெளியே தெரிய அழுத்திவிட வேண்டும்.

நட்டபின் பராமரிப்பில்தான் பல கழகங்கள் கோட்டை விடுகின்றன. முதல் இரண்டு வாரம் ஒரேயடியாக ஊற்றாமல் காலை, மதியம், பின்னேரம் என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிக்க வேண்டும், மேல்மண் காயக்கூடாது. புல் பிடித்ததா என்று பார்க்க ஒரு துண்டை மெதுவாக இழுங்கள். சும்மா வந்தால் வேர் இல்லை. இழுக்க விடாமல் நின்றால், கணுவடியில் நூல்போல வெள்ளை வேர் இறங்கியிருக்கும். அதற்குப் பிறகு தண்ணீரின் இடைவெளியைக் கூட்டி ஆழமாக விடலாம். கொடிகள் ஒன்றையொன்று தொட்டபின்தான் முதல் வெட்டு, அதுவும் உயரத்தில் மூன்றில் ஒன்றுக்கு மேல் வேண்டாம். கோரை வந்தால் கிழங்கோடு கையால் பிடுங்க வேண்டும், இளம் புல்லில் மருந்து அடித்தால் அறுகும் கருகும்.

எந்த முறையைத் தெரிந்தெடுத்தாலும் முதல் காசு வேலிக்கே போகட்டும். கட்டாக்காலி மாடுகள் ஒரு இரவு உள்ளே நின்றால் போதும், தின்றது பாதி, குளம்பு கிளறினது மீதி. பாதி மூடும் திட்டத்தில் நடுவாலும் ஒரு வேலி அடிக்க வேண்டும், அந்தச் செலவை யாரும் மதிப்பீட்டில் போட்டதை நான் பார்க்கவில்லை. திறக்கும்போது கோல் வாசல் இரண்டையும் மட்டும் இன்னும் ஒரு மாதம் மூடி வையுங்கள், பயிற்சிக்குக் கம்பங்களைப் பக்கத்தில் நகர்த்தி நட்டுக்கொள்ளலாம்.