யூடி210இ கிளாம்ப் மீட்டர்: பெட்ரோல் பம்ப் வயரிங் கோளாறு பார்க்க உதவுமா?

கார் ஸ்டார்ட் ஆகவில்லை, பெட்ரோல் பம்ப் சத்தமும் இல்லை என்றால் பல பட்டறைகளில் நடப்பது ஒன்றுதான். பம்ப் கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டரை வைப்பார்கள். 12 வோல்ட் காட்டினால் பம்ப் போச்சு, காட்டாவிட்டால் ரிலே (பம்புக்குக் கரன்ட்டை விடும் மின் சுவிட்ச்) போச்சு. இதில் முதல் முடிவு அடிக்கடி தப்பாகிறது. மல்டிமீட்டரின் உள்தடை சுமார் 10 மெகாஓம். அதற்குள் ஓடுவது மைக்ரோஆம்பியர் கணக்கில்தான். வயரில் ஏழெட்டு இழை அறுந்து ஒரே இழை தொட்டும் தொடாமலும் இருந்தாலும் மீட்டர் 12.4 வோல்ட் காட்டும். பம்ப் 5 ஆம்பியர் கேட்டதும் அந்த வோல்டேஜ் படுத்துவிடும். புதுப் பம்ப் போட்ட பிறகும் அதே கோளாறு தொடர்வது பெரும்பாலும் இதனால்தான்.

அதனால் பம்ப் சர்க்யூட்டில் முதலில் பார்க்க வேண்டியது கரன்ட். வயரை அறுக்காமல் தாடையால் சுற்றிப் பிடித்து அதை அளப்பது கிளாம்ப் மீட்டர். கையடக்கமான, டிசி அளக்கும் சிறிய கிளாம்ப் மீட்டர்களில் யூனி-டி நிறுவனத்தின் யூடி210இ பெயர்பெற்றது. தாடை 17 மி.மீ. திறக்கும், இரண்டு டிரிபிள்-ஏ பேட்டரியில் ஓடும். கரன்ட்டுக்கு 2, 20, 100 ஆம்பியர் என மூன்று ரேஞ்ச். பம்ப் வேலைக்கு 20 ஆம்பியர் ரேஞ்ச் போதும், அதில் 0.01 ஆம்பியர் வரை படிக்கலாம்.

வாங்கும்போது கடைசி எழுத்தைக் கவனியுங்கள். இதே உருவில் வரும் யூடி210ஏ ஏசி கரன்ட்டை மட்டுமே அளக்கும்; காருக்கு அதனால் பயனில்லை.

தாடையைப் போட வசதியான இடம் ஃபியூஸ் பாக்ஸ். பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பிளேடு டெர்மினல் வைத்த 15 செ.மீ. வயர் வளையம் ஒன்றைச் செருகுங்கள். நடுவில் அதே மதிப்புள்ள ஃபியூஸ் (பல கார்களில் 15 ஆம்பியர்) கட்டாயம் இருக்கட்டும். அந்த ஒற்றை வயரைச் சுற்றித்தான் தாடை வர வேண்டும். பாசிட்டிவையும் எர்த்தையும் சேர்த்துப் பிடித்தால் இரண்டும் ஒன்றையொன்று கழித்துவிட்டு பூஜ்யம் காட்டும். சில கார்களில் அதே ஃபியூஸ் இன்ஜெக்டர்களுக்கும் போகும். அப்போது வளையத்தை ரிலே சாக்கெட்டில் 30-க்கும் 87-க்கும் (ரிலே உள்ளே இணைக்கும் இரண்டு பின்கள்) நடுவே போடுங்கள். அந்த ரிலே பம்புக்கு மட்டுமானதா என்று வயரிங் படத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரிலே சாக்கெட்டில் போடுவதில் இன்னொரு வசதி உண்டு. இக்னிஷன் ஆன் செய்தால் ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) பம்பை இரண்டு மூன்று விநாடிதான் ஓட்டும், பிறகு ஸ்டார்ட்டர் சுற்றினால்தான் மறுபடி ஓடும். இந்த மீட்டரின் திரை விநாடிக்கு இரண்டு மூன்று முறைதான் புதுப்பிக்கும் என்பதால், எண் நிலைப்பதற்குள் பம்ப் நின்றுவிடும். வளையம் போட்டால் பம்ப் விடாமல் ஓடும், நிதானமாகப் படிக்கலாம். டேங்கில் பெட்ரோல் இருக்க வேண்டும். பம்பைக் குளிர்விப்பதே அந்தப் பெட்ரோல்தான்.

3 பார் அளவில் வேலை செய்யும் சாதாரண எம்பிஎஃப்ஐ (இன்ஜெக்டர் வழியே பெட்ரோல் தெளிக்கும்) இன்ஜினின் பம்ப், நல்ல நிலையில் 4 முதல் 6 ஆம்பியர் எடுக்கும். 8, 9 என ஏறினால் ஃபில்டர் அடைப்பு அல்லது இறுகிப்போன மோட்டார். 2 ஆம்பியர்தான் என்றால் அவசரப்படக் கூடாது. பம்ப் கனெக்டரில் வோல்டேஜும் குறைவாக இருந்தால் வயரிங்கில் தடை. வோல்டேஜ் சரியாக இருந்து, பம்ப் கீச்சுக் குரலில் வேகமாகச் சுற்றினால் உள்ளே ஹோஸ் பிளந்திருக்கலாம், அல்லது பம்ப் பெட்ரோலின்றி ஓடுகிறது. சுமை இல்லாத மோட்டார் குறைவாகத்தான் கரன்ட் இழுக்கும். எண் ஓரிடத்தில் நிற்காமல் துள்ளினால் தேய்ந்த பிரஷ், அல்லது தளர்ந்த பின். ஹார்னஸை (வயர்க் கட்டை) கையால் அசைக்கும்போது துள்ளல் மாறினால் பின்தான்.

பூஜ்யம் காட்டினால் எங்கோ முழுசாக அறுந்திருக்கிறது. பம்பிலா வயரிலா என்று பிரிக்க ஒரு எச்4 ஹெட்லைட் பல்பு போதும். அதன் 60 வாட் இழை 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் எடுக்கும், ஏறக்குறைய பம்ப் எடுக்கும் அளவு. பம்ப் கனெக்டரில் பம்புக்குப் பதிலாக இதை மாட்டுங்கள். பிரகாசமாக எரிந்தால் வயரிங் சரி, பம்ப் மோட்டாருக்குள் அறுந்துவிட்டது. மங்கினால் வயரிங்கில் தடை, எரியவே இல்லை என்றால் வயர்தான் அறுந்திருக்கிறது. எல்இடி டெஸ்டர் இங்கே உதவாது, சில மில்லிஆம்பியரிலேயே அது பளிச்சென்று எரியும். ஹாலஜன் பல்பின் கண்ணாடி பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்கும் அளவுக்குச் சுடும். ஆகவே தடித்த நீள வயரில் பல்பைக் காருக்கு வெளியே வைத்து, எல்லாம் மாட்டி முடித்த பிறகு ஃபியூஸ் பக்கத்தில் ஆன் செய்யுங்கள். டேங்க் மேலே ஒரு பொறிகூட வரக் கூடாது. பெட்ரோல் வாடை அடித்தால் அன்றைக்கு அந்த வேலை வேண்டாம்.

ரிலே காயிலின் 85, 86 பக்கம் இந்தப் பல்பைக் கொண்டுபோகவே வேண்டாம். காயில் எடுப்பது சுமார் 0.15 ஆம்பியர்தான். அதை எர்த் செய்வது பெரும்பாலும் ஈசியூவுக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர். 5 ஆம்பியர் போனால் ஈசியூவே பலியாகும். அங்கே மட்டும் எல்இடி டெஸ்டர் சரி.

தடை எங்கே என்று கண்டுபிடிப்பது வோல்டேஜ் இழப்புச் சோதனை. பம்போ பல்போ ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி பாசிட்டிவிலிருந்து பம்ப் பாசிட்டிவ் வரை அளந்தால் அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். பம்ப் எர்த்திலிருந்து பேட்டரி நெகட்டிவ் வரை 0.2 வோல்ட்டுக்குள். 1 சதுர மி.மீ. செம்பு வயர் 4 மீட்டர் என்றால் 0.07 ஓம், 5 ஆம்பியரில் 0.35 வோல்ட் நியாயமாகவே போகும். அரை வோல்ட்டுக்கு மேல் போவது திருட்டு. முன்னால் பேட்டரி, பின்னால் டேங்க் என்பதால் மீட்டர் வயர் எட்டாது. 5 மீட்டர் மெல்லிய வயரை ஒட்டுப்போட்டுக்கொள்ளலாம், அதில் கரன்ட் ஓடாததால் கணக்கு கெடாது. ரிலேயை மாட்டி, இன்ஜினை ஸ்டார்ட் செய்து 30-க்கும் 87-க்கும் இடையே 0.1 வோல்ட்டைத் தாண்டினால் காண்டாக்ட் கரிந்திருக்கிறது. ஸ்டார்ட் ஆகாத வண்டியில் கீ போட்டதும் கிடைக்கும் இரண்டு விநாடியில் பார்க்க வேண்டும்.

இழப்பு பெரும்பாலும் சிக்கும் இடங்கள் சில. டேங்க் மேலுள்ள கனெக்டரில் பழுப்பேறிய பின். பின் சீட்டுக்கு அடியில் எலி கடித்த வயர். பாடியில் துருவேறிய எர்த் போல்ட். பிறகு, வெளியே மாட்டிய சிஎன்ஜி கிட், செக்யூரிட்டி அலாரம், டாக்சிகளில் ஜிபிஎஸ் கட்-ஆஃப் ரிலே. இவை மூன்றும் பல நேரம் பம்ப் வயரை வெட்டித்தான் உள்ளே நுழைகின்றன. முறுக்கி டேப் சுற்றிய அந்த ஒட்டுகளை முதலிலேயே பார்த்துவிடுவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

இனி மீட்டரின் குறைகள். காந்தப்புலத்தை உணரும் ஹால் சென்சார் என்பதால் டிசி பூஜ்யம் நகர்ந்துகொண்டே இருக்கும். தாடையை மூடி, வயருக்கு அருகே, அளக்கப்போகும் அதே கோணத்தில் பிடித்து ஜீரோ பட்டனை அழுத்த வேண்டும். திருப்பிப் பிடித்தாலே பூமியின் காந்தப்புலத்தால் சில எண்கள் மாறும். பம்புக்கு அது பொருட்டல்ல, 2 ஆம்பியர் ரேஞ்சில், நிற்கும் வண்டியில் பேட்டரியிலிருந்து கசியும் கரன்ட்டைத் தேடுபவருக்குத் தலைவலி. திரையில் டிசி குறி இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். ஏசியில் விட்டுவிட்டு பம்ப் கரன்ட்டே எடுக்கவில்லை என்று முடிவுகட்டுவது எளிது.

ரெசிஸ்டன்ஸ் ரேஞ்ச்தான் பெரிய ஏமாற்றம். 2 கிலோஓமில்தான் தொடங்குகிறது, அதாவது 1 ஓம் படியில். ஓம் கணக்கில் ஒன்றிரண்டே இருக்கும் பம்ப் காயிலை இதில் அளப்பதில் அர்த்தமில்லை; 80, 90 ஓம் இருக்கும் ரிலே காயிலுக்குச் சரி. வோல்டேஜிலும் கீழ்ப்படி 1 மில்லிவோல்ட். ஃபியூஸைக் கழற்றாமல் அதன் இரு முனைக்கு நடுவே மில்லிவோல்ட் அளந்து கரன்ட்டைக் கணிக்கும் வித்தைக்கு இது சுமார்தான். 15 ஆம்பியர் பிளேடு ஃபியூஸில் 5 ஆம்பியருக்கு இருபது சொச்சம் மில்லிவோல்ட்தான் வரும். கூட வரும் புரோப் முனைகள் தடிமன். கனெக்டரின் பின்பக்கமாக நுழைக்க மெல்லிய பேக்-புரோப் ஊசிகள் தனியாக வாங்குங்கள். வயரின் தோலைக் குத்தாதீர்கள், அந்த ஓட்டை வழியாகத்தான் தண்ணீர் இறங்கி அடுத்த கோளாறு பிறக்கும்.

பம்ப் ஸ்டார்ட் ஆகும் நொடியின் எகிறலையோ, கம்யூட்டேட்டர் (மோட்டாரில் பிரஷ் உரசும் பகுதி) பட்டை ஒவ்வொன்றின் அலையையோ இதில் பார்க்க முடியாது. அது வேண்டுமென்றால் மின் அலையை வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பும், ஹான்டெக் சிசி-65 போன்ற கரன்ட் புரோபும் வேண்டும். கன்ட்ரோல் மாட்யூல் வழியாகத் துடிப்பு மின்சாரத்தில் வேகம் மாற்றும் புதிய கார்களில் இந்த மீட்டர் காட்டுவது சராசரி மட்டுமே. மூன்று வயர் பிரஷ்லெஸ் பம்பில் ரிலே வளையமும் பல்பும் செல்லாது. அங்கே மாட்யூலுக்கு வரும் சப்ளை, எர்த் இரண்டையும் பார்த்துவிட்டு, கோளாறு குறியீடு படிக்கும் ஸ்கேனரைக் கையில் எடுங்கள்.