பரணில் கிடந்த நெட்புக்கில் நான்கு வருட வெப் சர்வர்

மன்னார்குடி வீட்டு மொட்டை மாடியில் அப்பா ஒரு மழைமானி வைத்திருக்கிறார். தினமும் காலை 8.30 மணிக்குப் பார்த்து நோட்டில் எழுதுவார். வானிலை ஆய்வு மையமும் அதே நேரத்தில்தான் மழையளவு எடுக்கிறது என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை. அந்தக் கணக்கைச் சொந்தக்காரர்களும் பார்க்கட்டுமே என்று 2021 அக்டோபரில், வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னால், ஒரு சின்ன இணையப் பக்கம் போட்டேன். வாடகை சர்வர் (கேட்பவர்களுக்குப் பக்கத்தை அனுப்பும் கணினி) எடுக்கவில்லை. பரணில் கிடந்த நெட்புக்கை, அதாவது குட்டி லேப்டாப்பை, துடைத்து அதிலேயே வைத்தேன். இலவசமாகப் பக்கம் வைத்துக்கொள்ள எத்தனையோ இடம் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்டால், வீம்பு என்பதைத் தவிர என்னிடம் வேறு பதில் இல்லை.

மெஷின் 2009இல் வாங்கியது. இன்டெல் ஆட்டம் என்270, 32 பிட், 1 ஜிபி ரேம். கூடவே வந்தது விண்டோஸ் எக்ஸ்பி ஹோம். அப்போதே அதில் வெப் சர்வர் ஓட்ட ஆசைப்பட்டு, ஹோம் பதிப்பில் ஐஐஎஸ் (மைக்ரோசாஃப்டின் வெப் சர்வர் மென்பொருள்) கிடையாது என்று தெரிந்து ஏமாந்திருக்கிறேன். புரொஃபஷனல் பதிப்பில் உண்டு, அதுவும் ஒரே நேரத்தில் 10 இணைப்புதான். அப்பாச்சி என்ற இலவச வெப் சர்வரை இறக்கிப் போட்டு ஒரு வாரம் விளையாடியதோடு சரி. 2014 ஏப்ரலில் எக்ஸ்பிக்கான ஆதரவும் முடிந்தது. அப்புறம் பரண்தான்.

இந்த முறை டெபியன் 11 என்ற லினக்ஸ் போட்டேன், டெஸ்க்டாப் எதுவும் இல்லாமல், கறுப்புத் திரையோடு. வெப் சர்வர் மென்பொருளாக லைட்டி (lighttpd). பக்கங்களை உருவாக்கும் பிஎச்பி இல்லை, டேட்டாபேஸ் இல்லை. அப்பா போனில் "பன்னெண்டு மில்லி" என்பார். நான் சென்னையில் இருந்தபடி எஸ்எஸ்எச் (தூரத்திலிருந்து பாதுகாப்பாகக் கட்டளை அடிக்கும் முறை) வழியாக உள்ளே போய் ஒரு கோப்பில் ஒரு வரி சேர்ப்பேன். நாற்பது வரி ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைத் தொகுப்பு) ஒன்று அதைப் பட்டியலாக்கிப் பக்கமாக எழுதிவிடும். மொத்த சிஸ்டமும் 100 எம்பி ரேமைத் தாண்டுவது அபூர்வம்.

மென்பொருள் குறைவாக இருப்பதன் சுகம், யார் என்ன கேட்டார்கள் என்று பதிவாகும் லாகைத் திறந்து பார்த்த அன்று புரிந்தது. வெளியிலிருந்து பக்கத்துக்கு வரும் வழியான போர்ட்டை ரவுட்டரில் திறந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, எங்கிருந்தோ யார் யாரோ வேர்ட்பிரஸ் லாகின் பக்கத்தையும், டேட்டாபேஸை நிர்வகிக்கும் பிஎச்பிமைஅட்மினையும் கேட்டுத் தட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் ஆள் இல்லாத ரோபாட்டுகள். எல்லாவற்றுக்கும் ஒரே பதில், 404, அப்படி ஒரு பக்கம் இல்லை. இல்லாத வீட்டுக்கு எந்தப் பூட்டை உடைப்பது? எஸ்எஸ்எச்சில் மட்டும் பாஸ்வேர்டை அடைத்துவிட்டுச் சாவிக் கோப்பு இருந்தால்தான் நுழையலாம் என்று வைத்தேன். நான்கு வருடத்தில் லைட்டி தானாக ஒரு தடவைகூட விழவில்லை. விழுந்ததெல்லாம் சுற்றி இருந்தவைதான்.

முதலில் மின்சாரம். நெட்புக்கில் பேட்டரி இருக்கிறதே, கரண்ட் போனாலும் ஓடும் என்று தைரியமாக இருந்தேன். ரவுட்டருக்கு ஏது பேட்டரி? கரண்ட் போனால் பக்கமும் போனது. ரவுட்டருக்கு ஒரு 12 வோல்ட் மினி யுபிஎஸ் வாங்கி வைத்த பிறகு ஓரளவு நிம்மதி. அப்புறம் 2023 மே மாதம், அப்பா போனில், "ஏண்டா, உன் பெட்டி கர்ப்பமா இருக்கு" என்றார். போட்டோ அனுப்பச் சொல்லிப் பார்த்தால், அடிப்பக்கம் பேட்டரி வீங்கி, நெட்புக் மேஜையில் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. இரவும் பகலும் நூறு சதவீத சார்ஜிலேயே, மேல்தளத்து வெயிலில் வைத்திருந்தால் லித்தியம் பேட்டரி அப்படித்தான் ஆகும். அது என் தப்பு. உடனே கழற்றச் சொல்லிவிட்டேன். இந்த மாதிரி செய்யப்போகிறவர்கள் முதல் நாளே பேட்டரியைக் கழற்றிவிட்டு ஒரு யுபிஎஸ்ஸில் போட்டுவிடுங்கள்.

பேட்டரி போனதும் வேறு தொல்லை. கரண்ட் போய் வந்தால் நெட்புக் தானாக எழாது, யாராவது பட்டனை அமுக்க வேண்டும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் நிறுத்தினால், திரும்ப வந்ததும் அம்மா மாடியேறி அமுக்குவார். ஒருநாள் அமுக்கியும் வரவில்லை. வாட்ஸ்அப்பில் கறுப்புத் திரைப் படம் வந்தது. டிஸ்க்கைச் சரிபார்க்கச் சொல்லி நின்றிருந்தது. ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி அம்மாவை எஃப்எஸ்சிகே (fsck) என்ற டிஸ்க் சரிபார்க்கும் கட்டளையை அடிக்க வைத்தேன். "இடையில ஒரு இடம் விடணும்மா." "எத்தனை இடம்டா?" இருபது நிமிடத்தில் எழுந்துவிட்டது.

அதே வருடம் இணைய நிறுவனம் மாறினோம். பக்கம் வெளியிலிருந்து திறக்கவே இல்லை. ரவுட்டரில் தெரிந்த ஐபி முகவரி 100.72 என்று ஆரம்பித்தது. 100.64 முதல் 100.127 வரை உள்ள முகவரி என்றால் அது நமக்கே நமக்கானது இல்லை, ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டிருக்கிறார்கள் என்று பொருள். சிஜிநாட் என்பார்கள். அதில் வெளியிலிருந்து வருவதை நெட்புக்குக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங் எவ்வளவு செய்தாலும் பயனில்லை. வாடிக்கையாளர் சேவைக்கு ஐந்து தடவை பேசி, அதில் மூன்று தடவை ரவுட்டரை அணைத்துப் போடச் சொன்னதைக் கேட்டு, கடைசியில் பொது முகவரி கிடைத்தது. அதுவும் மாறிக்கொண்டே இருக்கும், டொமைன் பெயரைப் புது முகவரியோடு அவ்வப்போது இணைக்கும் டைனமிக் டிஎன்எஸ் வைத்துச் சமாளிக்கிறேன். சாதாரண எச்டிடிபி வரும் போர்ட் 80ஐயும் அடைத்திருந்தார்கள். பாதுகாப்பான எச்டிடிபிஎஸ் வரும் 443 மட்டும் திறந்திருந்ததால், லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகத் தரும் பாதுகாப்புச் சான்றிதழை டிஎன்எஸ் வழியில் வாங்கி, முழுக்க எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாறினேன். இன்னொன்று: வீட்டு வைஃபையில் இருந்துகொண்டு சொந்த டொமைன் பெயரை அடித்தால் எங்கள் ரவுட்டரில் திறக்காது. திறக்கவில்லையே என்று பதறாமல் மொபைல் டேட்டாவில் பாருங்கள். இது தெரியாமல் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன்.

2024 கடைசியில் நெட்புக்குக்கும் ஒரு யுபிஎஸ் வாங்கினேன். அடுத்த கோடையில் திடீரென்று எல்லாருக்கும் 'பாதுகாப்பற்றது' என்று எச்சரிக்கை. சான்றிதழின் ஆயுள் 90 நாள், ஸ்கிரிப்ட் ஒழுங்காகப் புதுப்பித்துத்தான் வைத்திருந்தது. ஆனால் ஓடிக்கொண்டிருந்த லைட்டி பழையதையே கையில் பிடித்திருந்தது, மறுபடி துவக்கச் சொல்லி ஸ்கிரிப்டில் நான் எழுதவில்லை. அதுவரை ஏன் தெரியவில்லை என்றால், மாதம் ஒரு தடவையாவது கரண்ட் போய் அம்மா பட்டனை அமுக்கிக்கொண்டிருந்தார். யுபிஎஸ் வந்ததும் அந்த வேலை நின்றுபோனது. ஒரு வரி சேர்த்தேன், சரியானது.

மின்செலவு கேட்பவர்களுக்கு: வாட் மீட்டரில் பார்த்தால் 11 வாட். இரண்டு மாத பில்லில் சுமார் 16 யூனிட்.

தீராத குறை ஒன்று உண்டு. வெயில் காலத்தில் இந்தப் பக்கத்தை ஒரு நாளைக்கு இரண்டு பேர் பார்ப்பார்கள். கனமழை அன்று சித்தப்பா, மாமா, நடவு போட்டவர்கள் என்று எல்லாரும் வருவார்கள். கனமழை அன்றுதான் எட்டு மணி நேரம் கரண்ட் இருக்காது, யுபிஎஸ் மூன்று மணி நேரத்தில் கைவிட்டுவிடும். அன்றைக்கு அப்பா குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடும் எண்தான் சேவை.

2023இல் டெபியன் 12க்கு மாற்றியபோது சிக்கல் இல்லை. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் 32 பிட் மெஷினுக்கு இன்ஸ்டாலரும் கெர்னலும் கிடையாது. அதனால் போன மாதம் ரிச்சி தெருவில் ஒரு பழைய மினி டெஸ்க்டாப் பார்க்கப் போனேன். கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸைத் திறந்து, கரண்ட் திரும்பினால் தானாக ஆன் ஆகும் செட்டிங்கைக் காட்டச் சொன்னேன். "எல்லாரும் ரேம் எவ்வளவுன்னுதான் சார் கேப்பாங்க" என்றபடி கடைக்காரர் அதை மாற்றிவிட்டு, பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகினார். யாரும் தொடாமலே விசிறி சுற்ற ஆரம்பித்தது. விலையை அப்புறம்தான் கேட்டேன்.